ஒன்றரை வயதுக் குழந்தையோடு இரவிகுளம் போகலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து எழுதுகிறேன். மகனுக்கு ஒன்றரை வயது. பிப்ரவரி முதல் வாரம் மூணாறு போய், இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு காட்டலாம் என்று ஆசை. மாமியாரும் வருகிறார், அவருக்கு மூட்டுவலி. குளிரும் உயரமும் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா?

பதில்: உயரத்தை விடுங்கள், முதலில் தேதியை மாற்றுங்கள். வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் வழக்கமாகப் பூங்காவை மூடிவிடுவார்கள். ஏப்ரலில் திறந்ததும் போனால் தாயோடு குட்டிகளும் மேய்வதைப் பார்க்கலாம். சித்திரை முதல் நாள், விஷு கூட்டம் வடிந்த பிறகு, வார நாளாகப் பார்த்துக் கிளம்புங்கள். உங்கள் வீட்டில் பள்ளி விடுமுறைக்குக் காத்திருக்க வேண்டியவர் யாரும் இல்லையே! ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் அட்டையும். அப்போது வேண்டாம்.

விடுப்பை மாற்றவே முடியாதென்றால் ஆழியாறு–வால்பாறை சாலையை யோசியுங்கள். மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஆனால் ஒன்பதாவது வளைவுப் பக்கமே வரையாடுகள் அடிக்கடி நிற்கும். பார்த்துவிட்டு அங்கேயே திரும்பிவிடலாம்.

இனி உயரம். உயரத்தால் வரும் உபாதை பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான். பூங்காவிலுள்ள ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர், ஆனால் சுற்றுலாப் பயணிகளை அங்கே விடுவதில்லை. பூங்காவில் நீங்கள் போகும் பகுதியான ராஜமலை அதைவிட நன்றாகத் தாழ்வு. கவனிக்க வேண்டியது காற்றைத்தான். பையனைத் தூக்கி நடக்கும் உங்களுக்கு வியர்க்கும், கேரியரில் அசையாமல் தொங்கும் அவனுக்குக் குளிரும். 'எனக்குக் குளிரவில்லையே' என்று இருந்துவிடாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவன் நெஞ்சிலும் பிடரியிலும் கை வைத்துப் பாருங்கள். பாதம் சில்லென்றிருந்தால் இன்னொரு சாக்ஸ் போதும், நெஞ்சும் சில்லென்றிருந்தால் திரும்பிவிடுங்கள். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய சட்டை மூன்று நல்லது. தள்ளுவண்டி வேண்டாம், நடைபாதை ஏற்றமாக இருக்கும்.

உண்மையில் குழந்தையைப் படுத்துவது பூங்கா அல்ல, மூணாறு போகும் வழியிலுள்ள போடி மெட்டு மலைச்சாலை ஏற்றம். இரண்டு வயதுக்குள் பயணத்தில் வரும் வாந்தி, தலைசுற்றல் பொதுவாகக் குறைவு. ஆனாலும் வயிறு முட்டப் பால் கொடுத்துவிட்டு ஏறினால் வெளியே வரத்தான் செய்யும். அடிவாரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோ கொஞ்சம் கேழ்வரகுக் கஞ்சியோ கொடுத்து, வழக்கமாகத் தூங்கும் நேரத்தில் மலை ஏறுங்கள். நீங்களாகவே வாந்தி மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் ப்ரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடவே கூடாது, மூச்சைப் பாதிக்கும்.

மூணாற்றில் முதல் நாள் ஓய்வு. மறுநாள் காலை முதல் பேருந்திலேயே ராஜமலைக்கு ஏறிவிடுங்கள். சொந்தக் காரை மேலே விடமாட்டார்கள், வனத்துறைப் பேருந்துதான். டிக்கெட்டை முன்பே ஆன்லைனில் எடுத்துவிட்டால் கைக்குழந்தையோடு வரிசையில் நிற்க வேண்டாம். டயப்பரைக் கீழேயே மாற்றிவிடுங்கள். மேலே மாற்றினால் அழுக்கை ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டுவர வேண்டியதுதான். பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் பிஸ்கட்டை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமியார் பேருந்து நிற்கும் இடத்தருகே உட்கார்ந்திருக்கட்டும். ஆடுகள் சில நாள் அங்கேயே வந்து நிற்கும், நடந்துபோன உங்களைவிட அவர் நன்றாகப் பார்த்திருப்பார். சங்கப் பாடல்கள் 'வருடை' என்று சொல்லும் அதே ஆடுதான். கிட்டே வருகிறதே என்று பையன் கையில் பிஸ்கட் கொடுத்து நீட்ட வைக்காதீர்கள். மனிதருக்குப் பழகிய ஆடுதான், ஆனால் கொம்பு நிஜக் கொம்பு.

மேலே ஒரு மணி நேரம் போதும். அவன் ஆட்டைப் பார்க்காமல் சாலையோரக் கூழாங்கல்லைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். ஆட்டை நீங்கள் பாருங்கள்.