அரசாங்கத் திட்டங்களும் புதிய தொழில்நுட்பமும் உங்கள் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கின்றன?

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். ஊரைச் சுற்றி ரப்பர், செம்பனைத் தோட்டங்கள். எங்கள் வீட்டில் எது மாறியது என்று கேட்டால், அம்மாவின் ஐசியைத்தான், அதாவது மைகாட் என்கிற அடையாள அட்டையைத்தான் சொல்வேன். முன்பு ஆஸ்பத்திரிக்கும் ஓட்டுப் போடவும்தான் அது அலமாரியை விட்டு வெளியே வரும். இப்போது மளிகை வாங்குவதே அதில்தான்.

2025 ஜூலையில் பிரதமர் அன்வார், 18 வயது நிரம்பிய எல்லாக் குடிமக்களுக்கும், அடிப்படைப் பொருள்கள் வாங்குவதற்கான சாரா உதவியாக 100 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கப்போவதாக அறிவித்தார். ஆகஸ்ட் 31 முதல் செலவழிக்க முடிந்தது. விண்ணப்பம் கிடையாது, ஆப் கிடையாது. கல்லாவில் மைகாட்டைக் கொடுத்தால் அரிசி, முட்டை, பிஸ்கட், சோப்பு என்று அனுமதித்த பொருள்களுக்குக் கழித்துக்கொள்வார்கள். தொடங்கிய வேகத்தில் கணினி முறை நெரிசலில் திணறியது உண்மைதான். ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள்கூடத் தாங்களே போய் வாங்கி வந்தார்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

2024 தொடக்கத்தில் வந்த, உதவிகளுக்காக மக்களின் விவரங்களை அரசாங்கம் திரட்டிய 'பாடு' (PADU) பதிவை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இணையத்தில் பதிய ஐசியைப் படம் எடுக்க வேண்டியிருந்தது, முகத்தையும் படம் எடுக்க வேண்டியிருந்தது. நேரில் பதிய முகப்பும் திறந்தார்கள், ஆனால் எங்கள் பக்கத்தில் பலருக்கும் வீட்டுப் பிள்ளைகள்தான் செய்து கொடுத்தார்கள். பிள்ளைகள் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிற வீடுகள் என்ன செய்யும்? கையில் ஏற்கெனவே இருப்பதை மட்டும் அரசாங்கம் கேட்டால் திட்டம் தோட்டம் வரைக்கும் வந்து சேர்கிறது. கைப்பேசியும் மின்னஞ்சலும் கேட்டால் பாதி வழியில் நின்றுவிடுகிறது.

கார்டு மட்டும் போதும் என்றாலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தோட்டத்துக்குள் இருக்கும் ஒட்டுக்கடைகளை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. சாராவுக்குப் பார்கோடு படிக்கும் முறை வேண்டும், கார்டு இயந்திரம் வேண்டும், இணையம் வேண்டும். நிறுத்துக் கொடுக்கும் பருப்புக்கும் கருவாட்டுக்கும் பார்கோடு ஏது? நாடு முழுக்க 4,100க்கும் மேற்பட்ட கடைகளில் வாங்கலாம் என்றார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது டவுன் சூப்பர்மார்க்கெட்தான், போய் வரக் காரோ மோட்டாரோ வேண்டும். மாதக் கடைசியில் கையில் காசில்லாதபோது 555 என்கிற கடன் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு அரிசி கொடுத்தவர் அந்த ஒட்டுக்கடைக்காரர். அரசாங்கப் பணம் வரும்போது அவரைத் தாண்டிப் போகிறது. அவருக்கு ஒரு இயந்திரத்தை இலவசமாகக் கொடுத்து, பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆளையும் அனுப்பினால் என்ன?

இன்னொன்று கைரேகை. அம்மா பல வருடம் பால்மரம் சீவியவர். கட்டைவிரல் ரேகை தேய்ந்துவிட்டது. ஒரு வங்கியில் திரும்பத் திரும்ப அழுத்தியும் இயந்திரம் ஏற்கவில்லை, மேலதிகாரி வரும்வரை உட்கார வைத்தார்கள். தோட்டத்தில் உழைத்த பெண்கள் பலருக்கும் இதே நிலைமைதான். இந்த முறையை அமைத்தவர்கள் அந்தப் பெண்களின் கையை ஒரு தடவை பார்த்திருந்தால் வேறு வழி ஒன்றை முதலிலேயே வைத்திருப்பார்கள்.

பெட்ரோலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 என்கிற பெட்ரோல் மானியம் குடிமக்கள் எல்லாருக்கும் வந்தது. மைகாட்டைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி, தொடக்கத்தில் மாதம் 300 லிட்டர் வரை. மானியம் இல்லாத விலை அப்போது 2.60. ஆனால் ஓட்டுநர் லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் இல்லாமலே செம்பனைக் காட்டுக்குள் மோட்டார் ஓட்டிப் பழகியவர்கள் இதனால்தான் லைசன்ஸ் எடுக்கப் போனார்கள். நல்லதுதான். குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாக பி2 மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுத்துக் கொடுக்கும் மைலெசென் திட்டமும் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், இந்த இரண்டு சலுகையும் குடிமக்களுக்கு மட்டும்தான். எங்கள் வீட்டு வரிசையில் ஒரு தாத்தா இருக்கிறார். பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே தோட்டத்தில், கையில் இருப்பது சிவப்பு ஐசி, அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசியின் அட்டை. சாராவும் இல்லை, பூடியும் இல்லை. முன்பு பெட்ரோல் நிலையத்தில் எல்லாருக்கும் ஒரே விலை, யாரும் கார்டு கேட்கவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் அவர் அதிக விலை கொடுக்கிறார். எல்லா உதவியையும் கார்டில் ஏற்றுவது என்று முடிவு செய்த அரசாங்கம், அவரைப் போன்றவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களையும் அதே வேகத்தில் முடித்துக் கொடுக்க வேண்டும்.