யுபிஐ வந்த பிறகு வங்கிக் கிளைகள் காணாமல் போய்விடுமா?

போகாது என்றே நினைக்கிறேன். 2016-இல் வந்த யுபிஐ பணத்தை வைத்திருப்பதில்லை, தகவலை மட்டும் கடத்துகிறது. டீக்கடையில் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டதும், உங்கள் கணக்கில் கழிக்கவும் கடைக்காரர் கணக்கில் வரவு வைக்கவும் இரண்டு வங்கிகளுக்கும், யுபிஐயை நடத்தும் அமைப்பான என்பிசிஐ வழியாகத் தகவல் போகிறது. பணம் இருப்பது வங்கியில்தான்.

சலான் நிரப்பும் வரிசை குறையும், சரி. ஆனால் நகைக்கடனுக்கு நகையை உரசிப் பார்க்க ஆள் வேண்டும். இறந்தவரின் கணக்குப் பணத்தைக் கேட்டு வரும் குடும்பத்திடம் பொறுமையாகப் பேசவும் ஒருவர் வேண்டும்.

என் கவலையெல்லாம் பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களைப் பற்றித்தான். 2022-இல் வந்த யுபிஐ 123பே மூலம் இணையம் இல்லாமலே அவர்கள் பணம் அனுப்பலாம். அதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அப்புறம், பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.