மகள் ஆராய்ச்சி என்கிறாள்: களுவாஞ்சிகுடித் தாய்க்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கச்சி,

மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கணவர் 46 வயதில் மாரடைப்பில் போனார், அவருடைய தம்பிக்கு 50 ஆகும் முன்பே ஸ்டென்ட் வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்களுக்கு 55 வயதுக்கு முன் வரும் மாரடைப்பை மருத்துவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. இந்த மாதமே மகளையும் மகனையும் கூட்டிப்போய்க் கொலஸ்ட்ரோல் பரிசோதனை செய்யுங்கள். பிள்ளைகள் மெலிவுதானே என்று விட்டுவிடாதீர்கள். பரம்பரையாகவே கொலஸ்ட்ரோல் கூடியிருப்பது ஆளின் பருமனைப் பார்த்து வருவதல்ல. ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நான் மருத்துவர் இல்லை, வழிகாட்டல் ஆசிரியர். ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, மகளின் விஷயம். "உயர்தரத்தில் பயோ படிக்கிற பிள்ளை டொக்டராக வராமல் ஆராய்ச்சி என்று சொல்கிறாளே, சொந்தக்காரர் சிரிக்கிறார்கள்" என்பது உங்கள் கவலை. போன கிழமை அவள் என்னிடம் கேட்டது இது: "அப்பா சிகரெட் குடிக்கமாட்டார், வயலுக்குச் சைக்கிளில்தான் போவார். அவருக்கு ஏன் மாரடைப்பு வந்தது, சேர்?"

சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை இது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வின் பின்னாலும் இதே கேள்விதான் இருந்தது. அதை நடத்தியவர் கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப். அந்த ஆய்வின் தரவுகளில் இலங்கை உட்பட ஐந்து தென்னாசிய நாடுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது, மற்ற நாட்டவரைவிட நம்மவருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக ஆறு வருடம் முந்தி, 53 வயதில், வருவது தெரிந்தது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு, மகளுக்கும் சொன்னேன். 2003இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், கொலஸ்ட்ரோல் மிக அதிகமாக இருந்த குடும்பங்களில் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவை அளவுக்கு மிஞ்சி வேலை செய்ய வைக்கும் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் டல்லாஸில் ஹெலன் ஹொப்ஸும் ஜொனதன் கோஹனும் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்: அதே மரபணு வேலை செய்யாமல் போனவர்கள் யாராவது இருக்கிறார்களா? இருந்தார்கள். அப்படிப்பட்ட கறுப்பின அமெரிக்கர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரோல் 28% குறைவு, இதய நோயோ 88% குறைவு. 2006இல் இது வெளிவந்தது. 2015இல் அந்த மரபணு செய்யும் புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகள் பாவனைக்கு வந்துவிட்டன. அந்த இருவரில் ஹொப்ஸ் மருத்துவர், கோஹன் மருத்துவர் அல்ல, விஞ்ஞானக் கலாநிதி. டொக்டர் ஆகாதவருக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கும் சொந்தக்காரருக்கு இதைச் சொல்லுங்கள்.

பரம்பரை என்றால் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். 2016இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மரபணு ஆபத்து மிகக் கூடியவர்களிலும் நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, புகைக்காமை போன்ற நல்ல பழக்கங்கள் உள்ளவர்களுக்கு, அவை இல்லாதவர்களைவிட இதய நோய் ஏறக்குறைய பாதியாக இருந்தது. அப்போ நம் சாப்பாட்டை யார் ஆராய்வது? பிட்டும் தேங்காய்ப்பால் சொதியும் கட்டித்தயிரும் கருவாடும் சேர்ந்த ஒரு தட்டை யாராவது நிறுத்துப் பார்க்க வேண்டாமா? மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்து, "நேற்றுக் கறிக்கு எத்தனை தேங்காய் துருவினீங்க, எத்தனை பேர் சாப்பிட்டீங்க?" என்று கேட்டு உண்மையான பதிலை வாங்க உங்கள் மகளைப் போன்ற ஒருத்தியால் முடியும். நம் நாட்டிலும் இப்படி நடக்கிறது. களனிப் பல்கலைக்கழகம் 2007இல் ராகமையில் தொடங்கிய ஆய்வில் ஆயிரக்கணக்கானோரின் உடல்நிலையோடு மரபணுவையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

இனி வழி. மருத்துவம் படித்துவிட்டும் ஆராய்ச்சிக்குப் போகலாம். அதற்கு வாய்ப்பிருந்தால் அதையே முதல் தெரிவாகப் போடச் சொல்வேன், நோயாளியைத் தொட்டுப் பார்த்தவருக்குக் கேள்விகள் தானாக வரும். பல்கலைக்கழக அனுமதியில் 40% நாடளாவிய திறமைக்கு, 55% மாவட்டத்துக்கு, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக 5%. அந்தப் பட்டியலில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் படிப்பே மட்டக்களப்பில் நடக்கிறது. ஐந்து வருடம், பிறகு ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. ஆகவே பௌதிகம் கஷ்டம் என்று விவசாய விஞ்ஞானத்துக்கு மாறும் யோசனையை இப்போதைக்கு விடச் சொல்லுங்கள், மாறினால் இந்தக் கதவு மூடிவிடும்.

மருத்துவ அனுமதிக்கு வேண்டிய இசட் புள்ளி எட்டாவிட்டால்? கொழும்பிலும் பேராதனையிலும் மூலக்கூற்று உயிரியல், யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், வயம்ப பல்கலைக்கழகத்தில் உணவும் போசாக்கும். மகளின் கேள்விக்கு இவை எல்லாமே பொருந்தும். மருத்துவத்துக்காக மூன்றாம் தடவையும் எழுதி இரண்டு வருடத்தை விடுவதைவிட இவற்றில் ஒன்றுக்குள் போவதே மேல் என்பது என் அபிப்பிராயம். எல்லாப் பெற்றோரும் இதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

காசைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும், மகனும் படிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் கட்டணம் இல்லை, மகாபொல உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நான்கு வருடச் சிறப்புப் பட்டம், பிறகு கலாநிதிப் பட்டம் என்று போனால் முப்பது வயதாகிவிடும். இங்கே ஆராய்ச்சிக்கென்றே உள்ள வேலைகள் குறைவு. விரிவுரையாளர் பதவி, பொறளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் என்று விரல்விட்டு எண்ணலாம். வெளிநாட்டில் விஞ்ஞானத்தில் கலாநிதிப் பட்டம் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் மாதக் கொடுப்பனவு கிடைக்கும், வீட்டை ஈடு வைக்கத் தேவையில்லை. ஆய்வுகூட விஞ்ஞானம் படித்தவளுக்கு இடையில் வேலைக்குப் போகவும் வழி உண்டு. உங்கள் நிலைமைக்கு அதுதான் பாதுகாப்பானது என்று எனக்குப் படுகிறது.

இரண்டு இடத்தில் அவள் தடுக்கி விழக்கூடும். தமிழ் மொழி மூலம் படித்தவளுக்கு கெம்பஸில் எல்லாம் ஆங்கிலம். அப்புறம் கணக்கு. மரபணு ஆராய்ச்சியில் இப்போது பாதி வேலை கம்ப்யூட்டரில்தான், புள்ளிவிபரவியல் தெரியாமல் நகர முடியாது. உயர்தரம் முடிந்து பெறுபேறு வரும் வரை கிடைக்கும் மாதங்களை இந்த இரண்டுக்கும் வைத்துக்கொள்ளட்டும்.

இப்போதே செய்யக்கூடிய வேலை ஒன்றையும் அவளிடம் கொடுத்திருக்கிறேன். ஒரு பெரிய தாளில் குடும்ப மரம் வரைய வேண்டும்: யாருக்குச் சலரோகம், யாருக்குப் பிரஷர், யார் எந்த வயதில் எதனால் போனார். நம் ஊரில் குடி, அதாவது குலம், தாய்வழியில் வருவதால் உங்கள் பக்கம் ஏழு தலைமுறை சொல்வீர்கள். மரபணுவுக்குக் குடி தெரியாது, அப்பாவின் பக்கமும் வேண்டும். மச்சான் மச்சாள் கல்யாணங்களைத் தனியாகக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரே பிழை இரு பக்கத்தாலும் வந்தால் நோய் கடுமையாகும். உங்கள் மாமியாரிடம் கேட்டு அந்தப் பக்கத்தை நிரப்ப உதவுங்கள். கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் வந்ததும் அதையும் அந்தத் தாளையும் சேர்த்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.