அந்தப் பெட்டி யாருடைய பங்கு?

கேள்வி: எனக்கு வயது 48. சிறு வயதிலிருந்து நான் சேர்த்து வைத்த இரும்புக்கை மாயாவி புத்தகங்களை இன்றும் இரவில் எடுத்துப் படிக்கிறேன். "இந்த வயதில் படக்கதையா?" என்று மனைவி சிரிக்கிறார். எல்லாம் அண்ணன் மளிகைக் கடையில் பொட்டலம் மடித்த கூலியில் வாங்கியவை. வீட்டைப் பாகம் பிரித்த பிறகு அவரோடு பேச்சு இல்லை. நான் காமிக்ஸ் படிப்பது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தவறில்லை என்று நான் சொல்லித்தான் நீங்கள் படிக்க வேண்டும் என்பதில்லை. 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே மாயாவியின் கதைதான். அன்று பிடித்த ஆசையை இன்னும் விடாத பெரியவர்கள் ஏராளம். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரிய, அந்தச் சக்தி எந்த நொடியில் தீர்ந்து எதிரிகள் நடுவே அவர் அகப்பட்டுக்கொள்வாரோ என்ற பதைப்போடு பக்கத்தைப் புரட்டும் சுகம் எனக்கும் தெரியும். முதல் கதையில் குற்றவாளியாகத் திரிந்தவர் பின்னர் நல்லவர்கள் பக்கம் வந்து சேர்வதும், கறுப்பு மையிலேயே இருட்டையும் வெளிச்சத்தையும் காட்டிய ஜீசஸ் பிளாஸ்கோவின் கைத்திறனும் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

ஆனால் இந்தச் சுகத்தை நீங்களாகத் தேடிக்கொள்ளவில்லை. கடிதத்தின் தொடக்கத்தில் "நான் சேர்த்து வைத்த" என்கிறீர்கள். நான்கு வரி தள்ளி, அண்ணன் கூலியில் வாங்கியவை என்று போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். பாகப் பத்திரத்தில் சுவரையும் கிணற்றையும் வாசற்படியையும் அளந்து எழுதியிருப்பீர்களே, இந்தப் புத்தகப் பெட்டியை யார் பங்கில் எழுதினீர்கள்? பொட்டலம் மடிக்கப் போன அந்தப் பையனுக்கும் மாயாவியைப் பிடித்திருக்கும் என்று ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தீர்களா? அவர் கடையில் நின்றதால் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்து படித்தீர்கள். மூத்தவன் கூலியில் வளர்ந்த தம்பியின் கடன் பத்திரப் பதிவோடு தீர்ந்துபோவதில்லை என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

"அண்ணன் செய்த அநியாயம் உங்களுக்குத் தெரியாது" என்று என்னிடம் சொல்வீர்கள். பங்கில் அநியாயம் நடந்திருக்கலாம். அதைக் கேட்க ஊர்ப் பெரியவர்களும் நீதிமன்றமும் இருக்கிறார்கள். அதற்காக, அவர் காசில் வாங்கிய கதைகளை அவருக்கே தெரியாமல் இரவில் தனியே வைத்துக்கொண்டு சுவைப்பது எந்த நியாயத்தில் சேரும்? அந்தப் படங்களை வரைந்த பிளாஸ்கோகூடத் தம் தம்பியரைச் சேர்த்துக்கொண்டு உழைத்தவர்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு அண்ணன் வீட்டுக்குப் போங்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். இவை யார் உழைப்பில் வந்தவை என்று மனைவியிடம் நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். வேண்டிய புத்தகங்களை முதலில் அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும். அவர் விட்டுவைப்பவை உங்களுக்கு. வீட்டுப் பேச்சை அவர் எடுத்தால், அதற்கு இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள், சொன்னபடி போகவும் செய்யுங்கள்.