களுவாஞ்சிக்குடிக் காணி: பழைய வரைபடத்துக்கும் கைப்பேசிக்கும் 2 பாகை வித்தியாசம்

வணக்கம். எல்லைக் கோட்டின் திசை பழைய வரைபடத்தில் ஒன்று, கைப்பேசித் திசைகாட்டியில் இன்னொன்று, பக்கத்துக் காணிக்காரர் வேலியை நகர்த்திவிட்டாரோ என்று கேட்டிருந்தீர்கள். அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

முதலில் அடுத்த பக்க எல்லையையும் பாருங்கள். அதிலும் அதே 2 பாகை வந்தால் வேலி நகரவில்லை, வடக்குத்தான் வேறு. நம் பக்கம் காந்த வடக்கு, அதாவது திசைகாட்டி காட்டும் வடக்கு, பூமியின் துருவத்தை நோக்கிய உண்மை வடக்கிலிருந்து ஏறத்தாழ 2 பாகை மேற்கே விலகியிருக்கிறது. போதாததற்கு முள்கம்பியும் இரும்புக் கேட்டும் கைப்பேசியை ஏமாற்றும். ஒரு பக்கம் மட்டும் மாறினால்தான் யோசிக்க வேண்டும்: 100 மீட்டர் நீளத்தில் 2 பாகை என்றால் மூன்றரை மீட்டர்.

உண்மை வடக்கைச் சூரியனிலேயே எடுக்கலாம். வெறும் மணல் தரையில் ஒரு கம்பை நூல்குண்டு பிடித்து நேராக நட்டு, அதையே மையமாக வைத்து வட்டம் போடுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடுப்புள்ளியையும் கம்பையும் இணைத்தால் வடக்கு தெற்குக் கோடு. துருவ நட்சத்திரத்தை நம்பாதீர்கள், மட்டக்களப்பில் அது அடிவானத்திலிருந்து 8 பாகை அளவில்தான் நிற்கும், தென்னை மறைத்துவிடும்.

இது உங்கள் மனத் திருப்திக்கு மட்டும். வழக்கு என்று வந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் வேண்டும். சரி, உங்கள் வரைபடம் இந்த இரண்டில் எந்த வடக்கை வைத்து வரைந்தது என்று தெரிய வேண்டும்: அதன் மூலையில் வட அம்புக்குறிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது?