மண்சரிவுக்குப் பின் கம்பெனிகளிடம் உதவி கேட்பது: கேள்வி பதில்

பல ஆண்டுகள் ஒரு தொழில் நிறுவனத்தின் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பிரிவில் பணியாற்றி, இப்போது கோத்தகிரியில் வசிக்கும் ஒருவர் நீலகிரி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

குன்னூர், குடியிருப்போர் சங்கச் செயலாளர்: ஐயா, மண்சரிவு நடந்த ஊருக்குப் பணம் கொடுப்பதென்று கம்பெனியில் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்?

பதில்: முந்தைய நிதியாண்டில் 5 கோடி ரூபாய் நிகர லாபமோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 500 கோடி நிகர மதிப்போ, அதற்கு மேலோ உள்ள கம்பெனி, தன் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு. பேரிடர் நிவாரணம், மறுவாழ்வு, மறுசீரமைப்பு ஆகியவை 2019இல் அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், அதாவது சி.எஸ்.ஆர். பணத்தில் செய்யத்தக்க பணிகளின் பட்டியலில், சேர்ந்தன. ஆண்டுத் திட்டத்தை சி.எஸ்.ஆர். குழு பரிந்துரைக்க, இயக்குநர் குழு ஒப்புதல் தருகிறது; தக்க காரணம் இருந்தால் ஆண்டின் நடுவிலும் அதை மாற்றலாம்.

நடைமுறையில், அருகிலுள்ள கிளை மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் குறிப்பே முதலில் வேலை செய்கிறது. ஆலையோ கிளையோ இல்லாத ஊருக்காக அங்கே பேச ஆள் இருப்பதில்லை. அடுத்தது, நாம் அதிகம் கவனிக்காத நாட்காட்டி. கூடலூர், பந்தலூர் பக்கம் சரிவு பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையில், அதாவது நிதியாண்டின் முற்பகுதியில் வருவதால் திட்டத்தில் இடம் இருக்கும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழையே ஆபத்து; நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த 2009 சரிவு நவம்பரில்தான் நடந்தது. அப்போது பெரும்பாலான பணம் ஒதுக்கப்பட்டிருக்கும், மார்ச் 31க்குள் எந்தத் தடுப்புச் சுவரையும் கட்டி முடிக்க முடியாது. ஆகவே, 'தொடர் திட்டம்' என்று எழுதிக் கேளுங்கள். அத்தகைய திட்டத்தில் செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடச் சட்டம் இடம் தருகிறது.

ஊட்டி, வணிகர்: முதலமைச்சர் நிவாரண நிதிக்குக் கம்பெனி தரும் தொகை சி.எஸ்.ஆர். கணக்கில் வருமா?

பதில்: வராது. அந்த நிதி ஏழாம் அட்டவணையில் இல்லை என்பதை மத்திய அமைச்சகம் 2020 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. நன்கொடையாகத் தாராளமாகத் தரலாம்.

மஞ்சூர், ஆசிரியை: எங்கள் ஊருக்கு அவசரமாக என்ன கேட்கலாம் ஐயா?

பதில்: முதலில் பட்டியல் எழுதுங்கள் அம்மா, பட்டியல் இல்லாமல் யாரிடமும் எதையும் கேட்காதீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய மழையில் நனைந்த குடும்பத்துக்குத் தேவை தார்ப்பாய், கம்பளி, அடுப்பு, மாத்திரை. முகாமாக மாறிய பள்ளியின் வராந்தாவில் சமவெளியிலிருந்து வந்த பழைய பருத்திச் சேலைகள் மூட்டை மூட்டையாக ஈரமேறிப் பூஞ்சை பிடித்துக் கிடக்க, அதே பள்ளியின் அறையில் குழந்தைகள் போர்வையின்றி நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

குந்தா, தேயிலைத் தோட்ட அலுவலர்: கம்பெனி முதலில் தன் தொழிலாளரின் லைன் வீடுகளைச் சரிசெய்யட்டும். பிறகு ஊருக்குக் கொடுக்கட்டும்.

பதில்: வீடுகளை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது தானம் அன்று. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமே குடியிருப்பை நிர்வாகத்தின் கடமையாக்கியது. தன் ஊழியருக்கு மட்டும் பயன்படும் செலவை சி.எஸ்.ஆர். விதிகளும் ஏற்பதில்லை.

அதே அலுவலர்: விலை வீழ்ந்த ஆண்டில் தோட்டம் என்ன செய்யும்? ஊருக்கு வரும் உதவியில் தொழிலாளிக்குப் பங்கு கூடாதா?

பதில்: நிச்சயம் உண்டு. ஊர் முழுவதற்கும் செய்யும் பணியில் லைன் வீட்டுக் குடும்பமும் பயன்பெறலாம். ஆனால் இடிந்த லைன் வீட்டைக் கட்டிவிட்டு, வாசலில் நன்கொடைப் பலகை மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். தொழிலாளிக்கு உரிமையாக வரவேண்டியதை அருளாகக் காட்டினால், அடுத்த மழைக்கு முன் கூரையை மாற்றச் சொல்லிக் கேட்க அவருக்கு வாய் எழாது. தேயிலை விலை குறைந்தது உண்மையே. அதற்காகக் கடமையின் பெயரை மாற்ற முடியாது.

கோத்தகிரி, கல்லூரி மாணவர்: முதலமைச்சர் நிதிக்குக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ஆகுமா?

பதில்: மேலே ஊட்டி வணிகருக்குச் சொல்லியாயிற்று. கேள்வி அனுப்பும் முன் முந்தைய பதில்களைப் படியுங்கள்.

கூடலூர், வார்டு உறுப்பினர்: வீடு கட்டித் தருவதாக வந்த கம்பெனி, எங்கள் நிலம் செக்‌ஷன் 17 என்றதும் திரும்பிவிட்டது.

பதில்: 1969ஆம் ஆண்டுக் கூடலூர் ஜென்ம நில (பரம்பரை நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் அப்பிரிவில் சிக்கிய நிலத்துக்குப் பட்டா இல்லாதவரை, அங்கே நிரந்தர வீடு கட்ட எந்தச் சட்ட ஆலோசகரும் கையெழுத்திடமாட்டார். மனம் தளராமல், பட்டாவைச் சாராதவற்றைக் கேளுங்கள்: அரசுப் பள்ளியின் சீரமைப்பு, மாற்று இடத்துக்கு ஓராண்டு வாடகை, மழைமானி. அவற்றையும் பட்டியலாக எழுதியே கேளுங்கள்.

அரவங்காடு, வாசகி: இடிந்த வீட்டுக்கு அரசு இழப்பீடு எப்போது வரும்?

பதில்: அது என் துறை அன்று. கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் தொடருங்கள்.

எமரால்டு, இளைஞர் மன்றம்: எங்கள் மன்றத்துக்கு நேரடியாகப் பணம் தருவார்களா?

பதில்: கம்பெனி விவகார அமைச்சகத்தின் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும், வருமான வரித் துறையின் வரிவிலக்கு, நன்கொடையாளர் வரிச்சலுகைப் பதிவுகளும் (12ஏ, 80ஜி என்று அறியப்பட்டவை) இல்லாத அமைப்புக்குத் தரமாட்டார்கள். சரிவு நடந்தபின் இவற்றுக்கு விண்ணப்பித்தால் அந்த ஆண்டின் பணம் கைநழுவிப் போகும். இப்போதே பதிவு செய்யுங்கள், அல்லது பதிவுள்ள ஓர் அறக்கட்டளையுடன் மழைக்காலத்துக்கு முன்பே எழுத்து மூலம் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.