வெர்டன் நகரம் யாருடையது? மூன்று வரைபடமும் சரிதான்

வணக்கம். இன்றைய பிரான்சிலுள்ள வெர்டன் நகரம், ஒன்பதாம் நூற்றாண்டு பிராங்கியப் பேரரசின் ஒரு வரைபடத்தில் நடு அரசிலும், இன்னொன்றில் மேற்கிலும், மூன்றாவதில் கிழக்கிலும் வருகிறதே, எது தப்பு என்று கேட்டிருந்தீர்கள். எதுவும் தப்பில்லை. வரைபடத்தின் ஆண்டைப் பாருங்கள்.

843இல் வெர்டன் உடன்படிக்கைப்படி பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் பேரன்கள் மூவர் பேரரசைப் பங்கு போட்டார்கள். மேற்கு வழுக்கை சார்லஸுக்கு, கிழக்கு ஜெர்மானிய லூயிக்கு, வடகடலிலிருந்து இத்தாலி வரையிலான நடுப்பகுதி மூத்தவர் லோத்தருக்கு. வெர்டன் அந்த நடுப்பகுதியில் இருந்தது.

சிக்கல் அடுத்த தலைமுறையில்தான். 855இல் லோத்தரின் பங்கும் மூன்றானது. வடக்கு அவர் மகன் இரண்டாம் லோத்தருக்குப் போனது. அவருக்கு வால்ட்ராடா என்ற பெண்ணிடம் பிறந்த மகன் உண்டு, ஆனால் அந்த உறவைத் திருத்தந்தை திருமணமாக ஏற்கவில்லை. 869இல் அவர் இறந்தபோது முறையான வாரிசு இல்லை. அண்ணனோ தென் இத்தாலியில் போரில் இருந்தார். சித்தப்பா சார்லஸ் முந்திக்கொண்டு மெட்ஸில் முடிசூட்டிக்கொண்டார். இன்னொரு சித்தப்பா லூயி விடவில்லை. 870இல் மீர்சன் என்ற ஊரில் பாகப்பிரிவினை: மெட்ஸும் ஆகனும் லூயிக்கு, வெர்டனும் தூலும் சார்லஸுக்கு.

880இல் ரிபெமோன்ட் என்ற ஊரில் சார்லஸின் பேரன்கள், 870இல் அவருக்குக் கிடைத்த அந்தப் பங்கையும் லூயியின் மகனுக்கு விட்டுக்கொடுத்தார்கள். உங்கள் மூன்றாவது வரைபடம் இதுதான்.

நீங்களே வரைவதானால் 870இலிருந்து தொடங்குங்கள். அதன் ஊர், மடப் பட்டியல் அப்படியே கிடைக்கிறது. 843 உடன்படிக்கையின் மூலப் பிரதி தப்பிப் பிழைக்கவில்லை. அந்த எல்லைக்கோடு பிற்காலத்தவர் ஊகித்துப் போட்டது.